பழக்கிக் கொடுத்த பூட்ஸ்

சொல்லிவிடலாம். மணி மூன்றுதான் ஆகிறது, வேன் வர ஐந்தரை ஆகும். இரண்டரை மணி நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாத மனுஷன் உண்டா. மச்சான், இந்த இடது கால் பூட்ஸ் சரியில்லை, இதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகாதீங்க. அவ்வளவுதான், மூச்சுக்கூட வாங்காது. சென்றாயன் பின்வாசலில் துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து, வலது கால் பூட்ஸுக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் அதன் அடியிலிருந்த மண்ணைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தான். வலது கால் பூட்ஸில் ஒரு குறையும் கிடையாது. அதனால்தான் அரை மணி நேரமாக அதையே தேய்த்துக்கொண்டிருந்தான். இடது கால் பூட்ஸ் பக்கத்தில் கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பினால் ஏதாவது கேட்டுவிடும் போல இருந்தது. உள்ளே நடு அறையில் மச்சான் போஜராஜன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்தார், குறட்டை பின்வாசல் வரை வந்தது. மச்சான் என்றால் மனைவி சுகந்தியின் அண்ணன். இந்த வீடு அவருடையது, இந்தத் துவைக்கிற கல் அவருடையது, கையிலிருக்கிற பிரஷ்கூட அவர் பல் தேய்த்துத் தேய்ந்ததுதான். விருதுநகரில் சென்றாயன் வைத்திருந்த ஸ்கிரீன் பிரின்டிங் கடையை பிளெக்ஸ் பேனர் வந்து விழுங்கிய பிறகு, ரெண்டு மாசம் இருந்துவிட்டுப் போகலாம் என்று சுகந்தியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தான். வந்த அன்று மச்சான் தெருவுக்கே வந்து பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். அது நடந்து ஒன்பது வருஷம், அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையின் மரியாதை என்னவென்று யாரும் அவனுக்குப் பாடம் நடத்தவில்லை. சாப்பிட உட்காரும்போது, "மாப்ள சாப்டாரா?" என்று மச்சான் அவனிடம் கேட்காமல் சமையலறையைப் பார்த்துக் கேட்பார், அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போதும். அதிலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

பூட்ஸ் இந்த வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது. மச்சானும் சிநேகிதர்களுமாகப் பத்துப் பேர், எல்லாம் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிற தொந்திக்காரர்கள், கருங்கெவி மொட்டை என்கிற மலையுச்சிக்கு மூன்று நாள் நடந்து போய்வருவதாக முடிவு செய்திருந்தார்கள். பத்துப் பேருக்கு மேல் காட்டுக்குள் அனுமதியில்லை, வழிகாட்டி இல்லாமல் ஒருத்தருக்கும் அனுமதியில்லை. வழிகாட்டி மொக்கையன் அந்த மலையிலேயே பிறந்தவன், பேச்சு குறைவு, கண் கூர்மை. ஒருநாள் மச்சானுடைய மோட்டார் பம்பு கடைக்கே வந்து, உப்பு கொண்டாங்க, அட்டைக்கடிக்குப் புகையிலை கொண்டாங்க, மழைக்கோட்டு கொண்டாங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவன், மேஜைமேலிருந்த புது பூட்ஸைப் பார்த்துவிட்டு, "இதப் புதுசாவே போட்டுட்டு வராதீக சாமி. ஒரு மாசமாச்சும் போட்டு நடந்து பழக்குங்க. இல்லாட்டி ரெண்டாம் நாளே கொப்புளம் போட்டு உங்கள நாங்க தூக்கிட்டு எறங்கணும்" என்றான். அன்று ராத்திரி மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த மச்சான் திடீரென்று நிமிர்ந்து, "மாப்ள, உங்க கால் என்ன நம்பரு?" என்று கேட்டார். ஒம்பதுங்க மச்சான். அவருக்கும் ஒன்பதுதான். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததை சென்றாயன் அதற்கு முன் பார்த்ததில்லை. "அப்பறம் என்ன! நீங்க போட்டு நடந்து பழக்கிக் குடுத்துருங்க. காலங்காத்தால காத்தாட நடக்கப் போறீக, அதுவும் இம்புட்டு நல்ல பூட்ஸு. கரும்பு தின்னக் கூலியா?" மச்சானின் மனைவி ஜோதிமணி புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். சுகந்தியும் சிரித்தாள். அவள் சிரித்திருக்க வேண்டியதில்லை. மொக்கையன் சொன்னது பூட்ஸ் பழக வேண்டும் என்று மட்டுமா, கால் பழக வேண்டாமா, முழங்கால் பழக வேண்டாமா, மூச்சு பழக வேண்டாமா? அதையெல்லாம் அந்தப் பந்தியில் யார் கேட்பது. வசதியுள்ளவர்களுக்குச் சொல்கிற புத்திமதியில் பாதி, அடுத்தவன் செய்து கொடுக்கக்கூடிய பாதி, மட்டும்தான் காதில் ஏறுகிறது.

முதல் வாரம் ரெண்டு குதிகாலும் தோலுரிந்து போனது. கொப்புளம் அவனுக்கு, மெத்து மச்சானுக்கு. விடிவதற்குள் கிளம்பி, வாய்க்கால் கரையோடு போய், கரட்டுப் பெருமாள் கோயில் பாறைப்படி முந்நூறும் ஏறி இறங்கி, ஏழு மணிக்குள் திரும்பி, மச்சானுடைய கடையைத் திறக்க ஓட வேண்டும். டீக்கடையில் முதல் நாள், "என்னப்பா, மிலிட்டரியில சேந்துட்டியா?" என்று கேட்டார்கள். அவன் ஒளிவுமறைவு தெரியாதவன், உள்ளதைச் சொன்னான். மறுநாள் காலை ஊருக்கே தெரிந்துவிட்டது. "மச்சானுக்குப் பதிலா நடக்குற, சரி. மலையில போயி அவுகளுக்கு மூச்சு வாங்குனா அதையும் நீயே வாங்கிக் குடுத்துருவியா?" பூட்ஸ் மாப்ள என்று பேர் வைத்தார்கள், பள்ளிக்கூடம் போகிற பொடிசுகள்வரை அந்தப் பேர் போனது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் ஒருநாள் குதிகாலில் மஞ்சள் பற்று வைத்துக்கொண்டு இதே கல்லில் உட்கார்ந்திருந்தபோது, சமையலறை ஜன்னல் வழியாக ஜோதிமணி கேட்டாள், பாவம்டி அந்த மனுஷன், காலெல்லாம் புண்ணு, வேண்டாம்னு சொல்லக் கூடாதா. அதற்கு சுகந்தி சொன்ன பதில். கழுதைக்கு நடக்கவா மதினி சொல்லிக் குடுக்கணும். தண்ணீர் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, பாத்திரம் விழுந்தது, ரெண்டு பேரும் வேறு எதையோ பேசப் போய்விட்டார்கள். சுகந்தி கெட்டவள் இல்லை. அண்ணன் வீட்டில் ஒன்பது வருஷம் இருக்கிற தங்கச்சிக்கு ஒரே ஒரு வழிதான், புருஷனை அவர்கள் மிதிப்பதற்கு முன் தானே ஒரு மிதி மிதித்துக் காட்டிவிடுவது. அதுவும் அவனுக்குத் தெரியும். தெரிந்தால் வலிக்காதா?

ரெண்டாம் வாரத்துக்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. தோல் இளகிக் கொடுக்க ஆரம்பித்தது. அவன் இடது காலில் சுண்டுவிரல் சின்ன வயதிலேயே பிசகி வெளிப்பக்கம் வளைந்திருக்கும், எந்தச் செருப்பும் அதற்கு இடம் கொடுத்ததில்லை. இந்த பூட்ஸ் அந்த இடத்தில் மட்டும் மெல்ல மெல்லப் புடைத்து, விரலுக்கு ஒரு சின்ன அறை கட்டிக் கொடுத்தது. நாற்பத்துநாலு வயதில் முதன்முதலாக ஒரு பொருள் அவனுக்காக வளைந்து கொடுத்திருக்கிறது. வாய்க்கால் கரையில் பனி இறங்கியிருக்கும், தூரத்தில் மலைத்தொடர் முழுக்கத் தெரியும், அதில் கருங்கெவி மொட்டை எது என்று மொக்கையன் காட்டியிருந்தான், கழுத்து ஒடிந்த ஆனை மாதிரி ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டே நடப்பான். அந்த நேரத்தில் அவன் யாருக்கும் மாப்ள கிடையாது. இருபதாம் நாள், பத்துப் பேரில் உரக்கடைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு இடம் காலியானது. அன்று முழுக்க சென்றாயன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வார்த்தையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். சாயங்காலம் கேட்டுவிட்டான். நானும் வரட்டுமா மச்சான், ஒரு இடம் இருக்காமே. மச்சான் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே தோளில் தட்டி, "கடைய யாரு பாப்பா மாப்ள? அதோட, நீங்க வந்தா எதப் போட்டு நடப்பீக? இதத்தான் நான் போட்டுருப்பேனே" என்றார். உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஓவென்று சிரித்தார்கள். அந்த இடம் பேங்க் மேனேஜரின் மச்சினனுக்குப் போனது. அன்று ராத்திரி பூட்ஸைக் கழற்றியபோது, சுண்டுவிரல் புடைப்பைக் கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தான், அது உள்ளே போகிறதா என்று பார்க்க. போகவில்லை.

முப்பத்தோராம் நாள் அது நடந்தது. லேசான தூறல், பாறைப்படி முழுக்க ஈரம். இறங்கும்போது, இடது குதிகாலில் பாரம் விழுந்த நொடியில், கால் நின்றுவிட்டது, பூட்ஸும் நின்றுவிட்டது, நடுவில் மட்டும் ஏதோ ஒன்று நகர்ந்தது. அடுத்த நொடி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஏழெட்டுப் படி சறுக்கிப் போய்க் கைப்பிடிக் கம்பியில் முதுகு மோதி நின்றது. கீழே ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பொம்பளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள். கழற்றிப் பார்த்தால் வெளியிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. குதிகாலில் ரப்பரும் அதன்மேல் அட்டையும் சேருகிற இடத்தில் நகக்கண் அளவுக்குத்தான் விரிசல். காய்ந்திருந்தால் கப்பென்று மூடிக்கொள்கிறது. நனைந்தால், அதுவும் இறக்கத்தில், உள்ளுக்குள்ளேயே வழுக்குகிறது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் பத்து நாள் இருந்தது, வேறு பூட்ஸ் வாங்கலாம், கடைக்காரனிடம் மாற்றலாம். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா. ஒரு பூட்ஸக் குடுத்தா அதையும் பிச்சு வச்சிருக்காரு பாருங்க, மாப்ள கை பட்டா எதுதான் உருப்புட்டுச்சு. அந்தச் சிரிப்பு காதில் இப்போதே கேட்டது. அதனால் கடையிலிருந்து ஒரு மஞ்சள் டியூப் பசையை எடுத்து, குச்சியால் உள்ளே தள்ளி, அரவைக்கல்லுக்கு அடியில் ராத்திரி முழுக்க வைத்து ஒட்டினான். ஒட்டிக்கொண்டது. சந்தேகம் போகாமல் மறுநாள் வாளித் தண்ணீரில் போட்டு வைத்துப் பார்த்தான். சாயங்காலம் எடுத்தபோது பசை பால்கட்டி மாதிரி வெளுத்து ஊறி, விரிசல் மறுபடி வாயைத் திறந்துகொண்டு இருந்தது. மறுபடி ஒட்டினான். நேற்று மூன்றாவது தடவையாக ஒட்டியது. காய்ந்த தரையில் ஆனை ஏறினாலும் பிரியாது. ஒருநாள் முழுக்க ஈரத்தில் நடந்தால் பிரியும். சென்றாயனைத் தவிர இந்த விஷயம் தெரிந்த ஜீவன் உலகத்தில் இல்லை.

"இன்னுமா தேச்சு முடியல?" சுகந்தி ஒரு கையில் உப்புப் பொட்டலம், இன்னொரு கையில் புகையிலை, அக்குளில் மழைக்கோட்டு என்று வந்து நின்றாள். "அண்ணன் எந்திரிக்கிறதுக்குள்ள பையக் கட்டணும். கடலை மிட்டாய் மேல வையுங்க, கை விட்டா எடுக்குற மாதிரி. என்னா ஒரு மாதிரி இருக்கீக?"

"ஒண்ணுமில்ல." பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "சுகந்தி, இந்த எடது கால் பூட்ஸு கொஞ்சம்..."

"கொஞ்சம் என்னா?"

"வழுக்குற மாதிரி தெரியுது."

அவள் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, பயம்தான் இருந்தது, ரெண்டு அறை தள்ளித் தூங்குகிறவர் காதில் விழுந்திருக்குமோ என்ற பயம். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. கெளம்புற நேரத்துல அபசகுனமா. ஏற்கெனவே உங்களக் கூட்டிட்டுப் போகலன்னு பொறாமைன்னு மதினி சொல்லிட்டுத் திரியிறாக. அத நிசமாக்கிறாதீக." எல்லாவற்றையும் அவன் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பொறாமையா. பையைத் திறந்து உப்பை அடியில் வைத்தான். பொறாமை இல்லையென்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய முடியுமா உன்னால், சென்றாயா. முடியாது. மழைக்கோட்டை நாலாக மடித்தான். மூன்றாம் நாள் இறக்கத்தில் சறுக்குப்பாறை என்று ஒன்று வருமாம், மொக்கையன் சொன்னான், தேரடித் தெரு நீளத்துக்கு ஒரே பாறை, ஊற்றுத் தண்ணீர் கசிந்து வருஷம் முழுக்க ஈரமாகவே கிடக்கும், இடது கைப்பக்கம் கெவி, எட்டிப் பார்த்தால் மரத்தின் உச்சிதான் தெரியும், அடி தெரியாது. அங்க நான் யாரு கையையும் பிடிக்க மாட்டேன் சாமி, பிடிச்சா ரெண்டு பேரும் போவோம், அவுகவுக காலுதான். இடது கைப்பக்கம் கெவி, இடது கால் பூட்ஸ். ரெண்டு நாள் ஓடைத் தண்ணீரிலும் புல்லிலும் ஊறி வந்த பூட்ஸ். நாலு பேர் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதல் போன் யாருக்கு வரும், கடைக்குத்தான் வரும், கடையில் யார் இருப்பார், அவன்தான். அவன்தான் வீட்டுக்கு நடந்து வந்து சொல்ல வேண்டும். ஜோதிமணி தரையில் விழுந்து புரளுவாள், சுகந்தி மாரில் அடித்துக்கொள்வாள். பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் மாப்ள எங்கே, மாப்ளயக் கேளு, மாப்ள சொல்லட்டும் என்று ஊரே அவன் வாயைப் பார்த்து நிற்கும். அழுவான், நிஜமாகவே அழுவான், இப்போதே கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு வந்தது, ரொம்ப நல்ல அழுகை. பதினாறு கழிந்து கடையைத் திறந்து, ஸ்டூலில் உட்காராமல் மச்சானுடைய அந்தச் சுற்றுகிற நாற்காலியில். கையிலிருந்த புகையிலைப் பொட்டலம் பிய்ந்து மடியெல்லாம் கொட்டியது. சீ. என்ன ஜென்மம் இது. பயந்துபோய் உள்ளே பார்த்தான். குறட்டை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஒரு பாவமும் அறியாமல், வாயைத் திறந்துகொண்டு. கொட்டிய புகையிலையைப் பொறுக்கிக்கொண்டே மறுபடி அந்தச் சுற்றுகிற நாற்காலிக்குப் போனான், இந்த முறை கொஞ்சம் நேரம் கூடுதலாக உட்கார்ந்தான்.

அந்த மனுஷன்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் நாலு நாள் தரையில் படுத்திருந்தார். சாத்துக்குடி உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக வாயில் வைத்தார். காய்ச்சல் மயக்கத்தில் அந்த விரல்களின் வாசனை அப்பா மாதிரி இருந்தது. தேறி வந்த பிறகு, அந்தச் சாத்துக்குடியைத் தெருவில் ஒருத்தர் விடாமல் சொன்னார். விசேஷ வீட்டில் சொன்னார், கடை வாசலில் சொன்னார், பம்பு வாங்க வந்தவனிடம் விலை சொல்வதற்கு முன் அதைச் சொன்னார். "கொட்டைகூட நாந்தேன் எடுத்தேன்." சொல்லாமல் மட்டும் இருந்திருந்தால் சென்றாயன் அவருக்காக உயிரையே கொடுத்திருப்பான். ஆனாலும் உரித்தது உரித்ததுதானே. சுளை சுளையாகத்தானே. சொல்லிவிடலாம். பசை போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாவிட்டால் விளங்காது. பத்து நாளாக மறைத்ததையும், கடைப் பசையைக் கேட்காமல் எடுத்ததையும். அதுதான் தொண்டையில் சிக்கிய மீன் முள். வழுக்குகிறது என்பது ஒரு வார்த்தை. நான்தான் ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறேன் என்பது ஒன்பது வருஷம். குறட்டை நின்றது. கட்டில் முனகியது.

போஜராஜன் லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, முகத்தில் தலையணைத் தடத்தோடு பின்வாசலுக்கு வந்தார். சந்தோஷமாக இருந்தார். "என்ன மாப்ள, பளபளன்னு ஆக்கிட்டீக போல!"

"மச்சான்," என்றான் சென்றாயன். எழுந்து நின்றுகொண்டான். "மச்சான், இந்த எடது கால் பூட்ஸு வேண்டாம் மச்சான். ஈரத்துல வழுக்குது. நான் கோயில் படியில விழுந்தேன்."

சொல்லிவிட்டான். மார்பிலிருந்து ஒரு அம்மிக்கல் இறங்கிய மாதிரி இருந்தது. மச்சான் பூட்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினார், வளைத்தார், முறுக்கினார். நேற்று ஒட்டியது, கல் மாதிரி நின்றது. "கல்லுக் குண்டாட்டம் இருக்கு. எங்க வழுக்குது?"

"ஈரத்துல, எறக்கத்துல."

"என்னைக்கு விழுந்தீக?"

"ஒரு... ரெண்டு மூணு நாளிருக்கும்." ஏன் அந்தப் பொய், அதற்கு என்ன தேவை. வாய் தானாகப் பொய்யைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

மச்சானின் முகத்தில் தூக்கம் கலைந்து வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. "சுகந்தி! ஒரு வாளி தண்ணி கொண்டா. ஜோதி, நீயும் வா, வேடிக்கையப் பாரு." துவைக்கிற கல் ஒரு பக்கம் சரிவானது, சோப்பு ஊறி ஊறி வழவழத்துப் போனது. "போட்டுக்கங்க மாப்ள. ரெண்டு காலுலயும் போட்டுக்கங்க. மேல இருந்து கீழ எறங்கிக் காட்டுங்க. விழுந்தீகன்னா இந்தப் பூட்ஸத் தூக்கி எறிஞ்சிட்டு இப்பவே புதுசு வாங்குறேன்."

சுகந்தி கல்மேல் தண்ணீரை ஊற்றினாள், புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. சென்றாயன் பூட்ஸை மாட்டினான். சுண்டுவிரல் தன் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கல்மேல் ஏறி, சரிவில் இறங்கினான். விழவில்லை. "இன்னொரு வாட்டி," என்றார் மச்சான். இறங்கினான். விழவில்லை. எப்படி விழுவான், பசை இன்னும் நனையவே இல்லையே, ஒருநாள் ஊற வேண்டுமே. அதோடு நாற்பது நாளில் அவன் கால் எப்படி ஊன்ற வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிட்டது, அவனைக் கேட்காமலே முன்பாதத்தில் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. "வேகமா எறங்குங்க மாப்ள." வேகமாக இறங்கினான். பெருமாளே, விழ வை. ஒரே ஒரு தடவை, முதுகில் அடிபட்டாலும் பரவாயில்லை, எல்லோர் முன்னாலும் என்னை விழ வை. விழவில்லை. வேண்டுமென்றே குதிகாலை ஊன்றினான், அதுவும் பிடித்து நின்றது. ஆறாவது தடவை ஏறும்போது ஜோதிமணி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கல்யாண மண்டபத்தில் குழந்தையை ஆடச் சொல்லி வேடிக்கை பார்ப்பவர்களின் சிரிப்பு. சுகந்தி வாளியோடு நின்றாள். ஒரு நொடி தாமதித்து அவளும் சிரித்தாள்.

"போதும், எறங்குங்க," என்றார் மச்சான். கோபமில்லாத குரல். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மாப்ள, எனக்குப் புரியாமலா இருக்கு? உங்களக் கூட்டிட்டுப் போகல. மனசு கேக்கல. நான் போறது பொறுக்கல. மனுசந்தானே, இருக்கட்டும், நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல."

இப்போது சொல்லலாம். மச்சான், உள்ளே பசை இருக்கிறது, நான்தான் போட்டேன், வாளியில் போட்டு வையுங்கள், நாளைக் காலையில் பாருங்கள். நாலே வாக்கியம். வார்த்தை எல்லாம் வரிசையாக வந்து நாக்கின் முனையில் நின்றது. சென்றாயன் அவர்கள் மூன்று பேரையும் பார்த்தான். ஜோதிமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சிரித்ததில் வந்த கண்ணீர். சுகந்தி வாளியைக் கீழே வைத்தாள். மச்சான் அவனை மன்னித்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால், ஒரு அறை கொடுத்திருந்தால்கூடச் சொல்லியிருப்பான். அந்த மன்னிப்பைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. உள்ளே எதுவோ, ஒரு வலியும் இல்லாமல், சத்தமில்லாமல், கதவைச் சாத்திக்கொண்டது.

"நெசந்தான் மச்சான்," என்றான். "பூட்ஸுல ஒண்ணுமில்ல. என் காலுதான் சரியில்ல."

"அப்பிடிச் சொல்லுங்க!" மச்சான் தோளில் தட்டினார். உள்ளே போய் பேன்ட் மாட்டி, தலை சீவி, விபூதி இட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொந்தி இடித்ததில் குனிய முடியவில்லை. காலை நீட்டினார். சென்றாயன் பூட்ஸைத் துணியால் துடைத்துக் காயவைத்து, தரையில் உட்கார்ந்து, முதலில் வலது காலை நுழைத்தான், பிறகு இடது காலை. மச்சான் விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. "அடடா! எனக்குன்னு அளவெடுத்துத் தச்ச மாதிரில இருக்கு. இந்த நாப்பது நாளா நல்லா உழைச்சிருக்கீக மாப்ள. ஒண்ணு செய்யிறேன். மூணாம் நாள் திரும்பி வந்ததும் இத நீங்களே வச்சுக்கங்க. எனக்கு எதுக்கு அதுக்கப்பறம்."

தெருமுனையில் வேன் ஹார்ன் அடித்தது. மூன்றாம் நாள். சென்றாயனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனுக்கே ஆச்சரியமாக, கல்யாணத்துக்குப் பிறகு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை என்று தோன்றுகிற அளவுக்கு இருந்தது. இடது கால் லேஸை இழுத்து, முடிச்சுப் போட்டு, அவிழாமலிருக்க அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டான்.

"சரிங்க மச்சான்," என்றான். "வந்ததும் குடுங்க."